வலப்பக்கம், இடப்பக்கம்

செவ்வாய்ப்பேட்டைக் கிட்டங்கியில்
நாடம் பருத்திப் பொதிகளுக்கு நடுவே
விளக்கைத் தூண்டிவிட்டுச் சொன்னார் குழந்தைவேலுச் செட்டியார்:
"எழுதுமய்யா.
வலப்பக்கம் அவர்கள் பலம், இடப்பக்கம் பலவீனம்.
சண்டை இன்னும் எத்தனை பருவம் ஓடும் என்று தெரிந்தால்தான்
விற்பதா வைப்பதா என்று தெரியும்."

கடலுக்கு அப்பால், எங்களில் யாரும் பார்த்திராத ஒரு தெற்கு.
மனிதரை வாங்கி விற்கும் பாத்தியதை
கைநழுவிவிடுமோ என்று
பதினோரு ராஜ்யம் பிய்த்துக்கொண்டு போய்
தனிக்கொடி கட்டியிருந்தது.
சேதி எல்லாம் பட்டணத்து ஏஜெண்டின் கடிதமாக
சூரமங்கலத்தில் ரயிலைவிட்டு இறங்கும்.
மூன்றே வருஷத்தில் கண்டி விலை மும்மடங்கு.
அங்கே எவன் மார்பிலோ குண்டு பாய
இங்கே செட்டியார் வீட்டுக்கு மாடி ஏறியது.

எழுதினேன்.
வலம்: குதிரையிலேயே பிறந்தது போன்ற தளபதிகள்.
சண்டை சொந்த மண்ணில், ஆற்றுத் துறையும் காட்டு வழியும் அத்துப்படி.
பருத்தி. அது வராமல் லிவர்பூல் தறிக்காரன் பட்டினி.
"நம்மிடம் இருக்கிறதே" என்று சிரித்தார், எழுதவேண்டாம் என்று கையமர்த்தினார்.
இடம்: கப்பல் இல்லை. துறைமுக வாயிலில் வடக்கத்தியான் குறுக்கே நிற்கிறான்.
இரும்பு உருக்கும் ஆலை சொற்பம்,
தண்டவாளம் ஊருக்கு ஓர் அகலம்.
ஒரு மூட்டை உப்புக்கு ஒரு மூட்டை நோட்டு.
அப்புறம், பிரிந்துபோவது எங்கள் உரிமை என்று கிளம்பியவனிடம்
கூடி வரி கொடு என்று எந்த வாயால் கேட்பது?

"முப்பத்தைந்து லட்சம் அடிமைகள். வலப்பக்கம் போடும்.
எசமான் பட்டாளத்துக்குப் போனாலும் ஏர் நிற்காது."

போட்டேன்.
மை காய்வதற்குள்
பொதி தூக்க வந்த சடையனின் நிழல்
அந்த வரியைத் தாண்டிப் போனது.

சடையன் எங்கள் படியாள்.
அதே பேரேடு, நாற்பத்து மூன்றாம் பக்கம்:
கலியாணத்துக்கு முன்பணம் ரூபாய் பதினெட்டு.
உழைப்பு வட்டிக்குக் கழியும்; முதல் அப்படியே நிற்கும்.
எழுத்து என்னுடையது, கீறல் அவனுடையது.
அடிமை ஒழிந்து இருபது வருஷம் ஆயிற்று என்று
கச்சேரியில் காகிதம் இருக்கிறது.
ஆகவே அந்தச் சொல்லை நாங்கள் எழுதுவதில்லை.

தை மாதத்துக் கடிதத்தில் ஒரு சட்டம் வந்தது:
இருபது அடிமை உள்ள பண்ணையில்
வெள்ளைக்காரன் ஒருவன் போருக்குப் போகவேண்டாம்,
காவலுக்கு வீட்டோடு இருக்கலாம்.
இல்லாத வெள்ளைக்காரன் முணுமுணுக்கிறானாம்.
செட்டியார் கடிதத்தை மடித்தார், பேசவில்லை.
"பருத்தி எடுக்கிற காலம், ஆள்மேல் கண் வேண்டும்" என்று
பட்டணம் கிளம்பிய மகனை
அவர் நிறுத்தி வைத்தது முந்தின நாள்.

அடுத்தடுத்து வந்தவை இன்னும் மோசம்.
எதிரிப் பட்டாளம் பத்துக் கல் தொலைவில் என்று காதில் விழுந்தால் போதும்,
ஏர் பாதிச் சாலில் நிற்கிறது.
போனவன் திரும்புகிறான்,
எதிரி கொடுத்த துப்பாக்கியோடு.

வலப்பக்க வரியை அடித்து
இடப்பக்கம் எழுதினேன்.
செட்டியார் பார்த்தார். "இரண்டிலும் இருக்கட்டும்" என்றார்.
அவர் கணக்கில் கெட்டிக்காரர்.
ஆனாலும் பொதிகளை விற்கவில்லை.

ஆனியில் தெரிந்தது, தெற்கு ஆயுதத்தை வைத்துவிட்டது.
கண்டி விலை கிணற்றில் விழுந்த குடம்.
கிட்டங்கியில் இருநூறு பொதி, எலிக்கு மட்டும் மெத்தை.
அதே வாரம்
சடையன், நல்லாயி, இரண்டு பிள்ளை, ஒரு சட்டி,
எதுவும் குடிசையில் இல்லை.
விடியுமுன் சேர்வராயன் மலைப்பாதையில் கண்டதாக
விறகுக்காரன் சொன்னான்.
மேலே காப்பித் தோட்டத்தில் கங்காணி இருக்கிறான்,
அவனிடமும் முன்பணம் இருக்கிறது,
பேரேடும் இருக்கும். தெரியும் எனக்கு.

"எந்தப் பக்கம் போனான்?"
கேட்டவர் குரலில் பதினெட்டு ரூபாய்க்கு மேல் ஏதோ இருந்தது.

நாற்பத்து மூன்றாம் பக்கத்தைத் திருப்பினேன்.
எங்கள் ஊருக்கு அந்த மலை எந்தத் திசையோ
அதைத்தான் சொன்னேன்,
வேறொன்றும் சேர்க்கவில்லை:

"வடக்கே."